பாலன் குடிலில் உப்புப் பனி

ஈரச் சாக்கில் கட்டிவந்த கல்லுப்பைக் கைநிறைய அள்ளினால் முதலில் குளிரும். பிறகு நகக்கண்ணில் இருக்கும் சின்னச் சின்னக் கீறல்களையெல்லாம் தேடிப்பிடித்து எரிக்கும். மார்கழியில் எங்கள் விரல்களில் அந்த எரிவு தொடங்கிவிட்டால் இயேசு பாலன் பிறக்கும் நத்தார் வந்துவிட்டது என்று அர்த்தம். மற்ற வீடுகளுக்கு நத்தார் கேக்குக்கு ரவை வறுக்கும் மணத்தோடும், கொக்கிஸ் சுடும் எண்ணெய் மணத்தோடும் வரும். எங்கள் வீட்டுக்கு அது சாக்கின் சணல் நாற்றத்தோடு அப்பாவின் சைக்கிள் கரியரில் ஏறி வந்தது.

தலவில கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கடலேரியான களப்புமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. கடல் பக்கத்துக்காரர் மீனுக்குப் போவார்கள், களப்புப் பக்கத்துக்காரர் உப்பளத்துக்குப் போவார்கள். அப்பா இரண்டாம் வகை. செபத்தியான் என்ற பேர் ஊரில் இன்னும் நாலைந்து பேருக்கு இருந்ததால் அவரை "உப்புச் செபத்தி" என்றே அழைத்தார்கள். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். வேலிப் படலையில் நின்று கூப்பிட்டால் குசினி அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்காது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பாலன் குடில் கட்டுவார்கள். தென்னங்கிடுகால் கூரை, சீமெந்துப் பையைக் கசக்கி மலை, பால்மா டின்னில் முளைக்கப்போட்ட நெல்லுதான் புல்வெளி, சவுக்கு மரக் கொப்பு ஒன்று நத்தார் மரம். இவ்வளவும் எல்லா வீட்டிலும் உண்டு. பனிக்குத்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். சிலர் பஞ்சைப் பிய்த்துப் போடுவார்கள், சிலர் சுண்ணாம்பு தெளிப்பார்கள். நாங்கள் உப்புப் போட்டோம். வெயில் விழுந்தால் பளீரென்று கண்ணைக் கூசும். பெத்லகேமில் பனி பெய்ததா என்று யாரும் கேட்டதில்லை. எங்களில் ஒருவரும் பனியைக் கண்டதும் இல்லை. வாழ்த்து மடல்களில் பார்த்ததுதான்.

குடில்களைப் பார்க்கக் கோயில் குருவான பங்குச் சுவாமியும் மறைக்கல்வி டீச்சரும் வருவார்கள். முதலாம் இடம் எடுக்கும் வீட்டுக்குப் பரிசாகப் பொருள் எதுவும் கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளை ஒன்று, நத்தார் பூசையில் பாலன் சுரூபத்தை வெள்ளைத் தலையணையில் ஏந்திக்கொண்டு கோயில் வாசலிலிருந்து பீடத்தடிவரை நடக்கலாம். அவ்வளவுதான். ஆனால் அந்த நடைக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். வெள்ளைச் சட்டை, தலையில் வலை, முழுக் கோயிலும் எழுந்து நிற்க நடுவில் நான் தனியாக. உறுதிபூசுதல் என்ற அருட்சடங்கு பெற்ற பிள்ளைகளை அதற்கு எடுப்பதில்லை. எனக்கு அடுத்த வருடம் உறுதிபூசுதல். ஆகவே தொண்ணூறாம் ஆண்டு நத்தார்தான் எனக்குக் கடைசிச் சந்தர்ப்பம். அதுவரை எங்களுக்கு எப்போதும் இரண்டாம் இடம். படகுகள் வைத்திருந்த போட் முதலாளி வீட்டுக்கு எப்போதும் முதலாம் இடம்.

அந்த வருடம் மழை தொடங்குகிற நேரத்தில்தான் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனங்கள் தோணிகளில் வந்து கற்பிட்டிப் பக்கம் இறங்கினார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்களுக்குப் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் போதாமல், வீட்டைச் சுற்றி வளவு உள்ளவர்கள் ஆளுக்கொரு மூலையைக் கொடுத்தார்கள். எங்கள் வளவின் பின்மூலையில் கிடுகுக் கொட்டில் போட்டுக்கொண்டு மூன்று பேர் இருந்தார்கள்: கலீல் நானா, அவருடைய மனைவி ஆபிதா ராத்தா, இருமிக்கொண்டே இருந்த ராத்தாவின் மாமா, அதாவது நானாவின் வாப்பா. இந்தக் கதையை நான் சொல்லும்போது கேட்பவர்கள் இந்த இடத்தில் ஒரு கைக்குழந்தையை எதிர்பார்க்கிறார்கள். நத்தார், கொட்டில், இடமில்லாமல் வந்தவர்கள் என்றதும் மனசு அப்படிப் போகிறது. குழந்தை எதுவும் இருக்கவில்லை. ஒரு கிழவரும் அவருடைய இருமலும்தான் இருந்தன.

நானாவும் ராத்தாவும் விடியமுன் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்ப் பொழுதுபட்ட பிறகுதான் திரும்புவார்கள். அதற்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவார்கள். ஒரு நாளைக்கு ஒரு சமையல். வந்த புதிதில் ஒரு நாள் ராத்தா கையில் தேங்காய்ச் சிரட்டையோடு எங்கள் குசினி வாசலில் வந்து நின்று கொஞ்சம் உப்புக் கேட்டா. அம்மா அப்போதுதான் மாதா சுரூபத்துக்கு விளக்குக் கொளுத்திவிட்டு வந்திருந்தா. விளக்கு வைத்த பிறகு உப்பை வீட்டுக்கு வெளியே கொடுப்பதில்லை. கொடுத்தால் வீட்டில் இருக்கிறதும் கூடவே போய்விடும். எங்கள் பகுதியில் சமய பேதமில்லாமல் எல்லாரும் பிடித்துக்கொண்டிருந்த வழக்கம் அது. "விளக்கு வச்சாச்சு மகள், விடியட்டும்" என்று அம்மா சொன்னா. ராத்தாவுக்கும் அந்த வழக்கம் தெரியும், தலையாட்டிவிட்டுப் போனா. விடிந்ததும் அம்மா சிரட்டை நிறைய உப்பை என்னிடம் கொடுத்து ஓடிப்போய்க் கொடுக்கச் சொன்னா. கொட்டில் வாசலில் தோட்டத்துக்குப் புறப்பட்டு நின்ற ராத்தா அதைத் தொடவில்லை. "உப்பு இருக்கு புள்ள. அம்மாக்கிட்டச் சொல்லுங்க" என்றா. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் முறை அம்மாவே கொண்டுபோனபோதும் அதே பதில், அதே சிரிப்பு. உப்பு விளைகிற ஊரில் யாராவது உப்பில்லாமல் இருப்பார்களா என்று அம்மா அதை அத்தோடு விட்டுவிட்டா.

பிறகு மார்கழி வந்தது. வழக்கமாகத் தெருவைப் பார்த்தபடி முற்றத்தில் கட்டும் குடிலை அந்த வருடம் வீட்டின் பக்கவாட்டில், கிணற்றுக்குப் போகும் பாதை ஓரம் கட்டப்போவதாக அப்பா சொன்னார். எனக்கும் யூட் அண்ணனுக்கும் தலை சுற்றியது. தெருவில் போகிற ஒருவருக்கும் தெரியாத இடத்தில் யாராவது குடில் கட்டுவார்களா? முற்றத்தில் தண்ணீர் நிற்கும் என்றார். அங்கே எந்தக் காலத்திலும் தண்ணீர் நின்றதில்லை. அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு புதினமும் செய்தார். வழக்கம்போலத் தரை எங்கும் உப்பைத் தூவியது போக, குடிலின் ஒரு மூலையில் கழுவித் துடைத்த கமுகம் மடலை விரித்து அதன்மேல் நல்ல வெள்ளை உப்பாகத் தெரிந்தெடுத்துக் குவித்தார். அதற்குப் "பனிக்குன்று" என்று பேரும் வைத்தார். குன்றில் ஆட்டிடையன் பொம்மையை நிறுத்தக் கூடாது, மண் படக் கூடாது, கை கழுவாமல் தொடக் கூடாது. உப்பளத்திலிருந்து வந்ததும் ஒவ்வொரு பின்னேரமும் முதல் வேலையாக அதைப் போய்ப் பார்ப்பார். ஒவ்வொரு பின்னேரமும் குன்றில் ஒரு குழி விழுந்திருக்கும். சாக்கில் இருந்து எடுத்து நிரப்புவார். ஆடு நக்குகிறது என்றான் அண்ணன். காகம் என்றேன் நான். "மழைச் சாரல், கரையுது" என்றார் அப்பா. அந்த மூலைக்குமேல் கிடுகு இரட்டையாகப் போட்டிருந்தது. சாரல் வர வழியே இல்லை.

குன்றைக் குவித்த முதல் நாள் இருட்டுகிற நேரம், ராத்தா கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றா. அப்பா குடிலடியில் குனிந்தபடி, கையெட்டும் தூரத்தில் நின்ற அண்ணனிடம், "இந்த மூலையில கிடக்கிறது நாளைக்கு மாத்துறதுதான். இடையில ஆர் அள்ளினாலும் ஒண்டுமில்ல, எறியப்போற உப்புத்தானே" என்று சொன்னார். சொன்னார் என்பது சரியில்லை, கத்தினார். குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தா. அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு, அப்பாவுக்கு உப்புக் காற்றில் காது அடைத்துவிட்டது என்று எனக்குச் சைகை காட்டினான்.

யூட் அண்ணனுக்குக் கலைஞன் என்ற நினைப்பு எப்போதும் உண்டு. பள்ளிக்கூடச் சட்டைக்கு நீலம் போட்டால் வெள்ளை கூடுகிறதே, உப்புக்கும் போட்டால் என்ன என்று யோசித்து, அம்மாவின் சலவை நீலத்தை எடுத்துக் குன்றில் கலந்துவிட்டான். பார்க்க உண்மையிலேயே நன்றாக இருந்தது. அடுத்த நாள் அவனுடைய உள்ளங்கை நீலமாக இருப்பதைக் கண்ட அப்பா, கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம் அப்படி வெளிறி நான் கண்டதில்லை. குன்றை முழுக்க அள்ளிக் குப்பைக் குழியில் கொட்ட வைத்து, மடலைக் கழுவ வைத்து, "உப்போட விளையாட வேணாம்" என்று மட்டும் சொன்னார். விளையாட்டுக்குத்தானே குடிலே கட்டியிருக்கிறோம் என்று எனக்குப் பட்டது.

சுவாமி வருகிற வாரம் மழை பிடித்துக்கொண்டது. தரையில் தூவியிருந்த பனி ஒரே இரவில் கரைந்து குடிலைச் சுற்றி வெறும் சேறு தெரிந்தது. பொம்மை ஒட்டகத்தின் கால்கள் சேற்றில் புதைந்து கிடந்தன. உப்பளத்தின் குவியல்களை மழைக்கு இறுக்கி மூடிவிட்டதால் இனி உப்பு எடுக்கவும் முடியாது. வீட்டுச் சாக்கில் இருந்த கடைசி உப்பு குன்றின்மேல் இருந்தது. அதை நிரவித் தூவினால் தரை முழுவதும் வெள்ளையாகும். எனக்கு அது பகல்போலத் தெரிந்தது. அப்பாவிடம் கெஞ்சினேன். பாலனை நான்தான் தூக்க வேண்டும், அடுத்த வருடம் எனக்கு முடியாது, குன்றை நிரவிவிடுங்கள் என்று காலைக் கட்டிக்கொண்டேன். என் தலையில் கை வைத்தார். "குன்று அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

சுவாமி குடையோடு வந்து பாதையைத் தேடிப்பிடித்து, சேற்றையும் மூலையில் குழி விழுந்த குன்றையும் பார்த்தார். இந்தப் பக்கம் ஏன் பனி பெய்யவில்லை என்று பகிடியாகக் கேட்டார். "எங்கட பக்கம் அவ்வளவுதான் சுவாமி பெய்யிறது" என்றார் அப்பா. எங்களுக்கு இரண்டாம் இடம்கூடக் கிடைக்கவில்லை. நத்தார் பூசையில் போட் முதலாளியின் மகள் பாலனை ஏந்திக்கொண்டு என் பக்கத்தால் நடந்து போனா. தலையணையின் ஓரச் சரிகை என் கையில் உரசியது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை அந்த நேரம் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுபோல நடந்தது. யூட் அண்ணன் இத்தாலிக்குப் போனான். அம்மா போய்ச் சேர்ந்தா. நான் கலியாணம் கட்டவில்லை. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. கலீல் நானாவும் ராத்தாவும் எங்கள் பின்மூலையையே வாங்கிக் கல்வீடு கட்டிக்கொண்டார்கள். அப்பா இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் குடில் கட்டினார், நான் பெயருக்குக் கூட நின்றேன். சில வருடங்களுக்கு முன் அவரும் போனார். அவருடைய சவப்பெட்டியை மூடும்போதுகூட, கேட்காமல் விட்டுவிட்டேனே என்று எனக்கு நினைவு வந்தது அந்தக் குன்றுதான். அழுகை நடுவே அப்படி ஒரு நினைப்பு வந்ததில் எனக்கே எரிச்சலாக இருந்தது.

இப்போது ஆலங்குடாவில் ஒரு சுற்றுலா விடுதியில் வேலை செய்கிறேன். அங்கே நத்தார் ஒரு பெட்டியில் இருக்கிறது. மார்கழி பிறந்ததும் அதைத் திறந்து பிளாஸ்டிக் மரத்தை நிமிர்த்தி, பஞ்சைப் பிய்த்துப் போட்டு, தை பிறந்ததும் மடித்து வைப்போம். தங்க வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பனியிலிருந்து தப்பி வந்தவர்கள். எங்கள் பஞ்சைப் பார்த்து மரியாதைக்குச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் நத்தார் இருக்காது. யூட் அண்ணன் பனிக்குள் நின்று வீடியோ எடுத்து அனுப்புவான். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நம்முடைய உப்பின் மினுக்கம் அதில் இல்லை.

போன மார்கழியில் விடுதி முதலாளி, உள்ளூர் முறையில் குடில் ஒன்று கட்டினால் என்ன என்று கேட்டார். அப்பாவின் பழைய ஆட்டிடையர்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குசினி மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வழக்கம்போலப் பின்னேரத் தேத்தண்ணிக்கு ஆபிதா ராத்தா வந்தா. அவவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. ஆட்டிடையர்களைக் கண்டதும் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. நான் விடுதியில் எல்லாருக்கும் சொல்லிச் சிரிக்க வைக்கும் கதையை அவவுக்கும் சொன்னேன்: காலமெல்லாம் உப்பளத்தில் வேலை செய்தும் மழைக்கு உப்புக் கரையும் என்று தெரியாமல் போட்டியில் தோற்ற அப்பாவின் கதை. அவவுக்கு அதை ஒருபோதும் சொன்னதில்லை என்பது பாதியில்தான் உறைத்தது. ராத்தா சிரிக்கவில்லை.

"அந்தக் குன்று கரையல்ல புள்ள" என்றா. "நான்தான் எடுத்தன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவ தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னா. நிவாரணமாக அரிசி கிடைத்தது, பருப்புக் கிடைத்தது. உப்பு நாட்டில் உப்பை யார் கொடுப்பார்கள். கேட்ட நேரம் விளக்கு வைத்தாகிவிட்டது. அதில் அம்மாவில் குறையில்லை, மன்னாரில் அவவுடைய உம்மாவும் அந்த நேரம் கொடுத்திருக்கமாட்டா. ஆனால் வீடும் வளவும் தோணியும் விட்டுவந்து ஒரு சிரட்டை உப்புக்குக் கை நீட்டித் திரும்பிய பிறகு, விடிந்து கொண்டுவந்ததை வாங்க அவவுடைய கை எழும்பவில்லை. உப்பில்லாத கஞ்சியை மாமா வாயில் வைத்துவிட்டுக் கீழே வைப்பாராம். அப்போதுதான் கிணற்றடியில் அப்பா கத்தியது.

"என்னோட உங்கட அப்பா உப்பப் பத்தி ஒரு நாளும் கதைச்சதில்ல. உங்கட அண்ணனுக்குச் சொல்லுறமாதிரி எனக்குச் சொன்னாரு. விளக்கு வச்சாப் பிறகு அவர் ஆருக்கும் குடுக்கல்ல, நானும் ஆர்கிட்டயும் வாங்கல்ல. குடில்ல கிடந்திச்சு, எடுத்தன்."

ஒரு நாள் கஞ்சி நீலமாக வந்தது என்றா. விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்த மாமா, கடலைக் கரைத்து ஊற்றிவிட்டாயா என்று கேட்டுச் சிரித்தாராம். தோணியில் ஏறிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் சிரித்தது. சொல்லும்போது ராத்தாவும் சிரித்தா. நான் ஆட்டிடையனைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்ததில் அவனுடைய மூக்கின் பெயின்ட் போய்விட்டது.

நான் பாலனைத் தூக்க ஆசைப்பட்டது அவவுக்குத் தெரியாது. சொல்லவும் இல்லை. அப்பாவுக்கு இரண்டும் தெரிந்திருந்தது. என் தலையில் கை வைத்தபடி அவர் ஒரு பக்கத்தைத் தெரிவு செய்தார், ஏன் என்று கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் ராத்தா கேட்டு வாங்கியதுபோல் ஆகிவிடும். அன்றைக்குக் குசினி மேசையிலேயே நான் அழுதேன். அப்பா செத்தபோது அழுததைவிட அதிகமாக அழுதேன். ராத்தா ஏன் என்று கேட்காமல் முதுகைத் தடவிவிட்டா.

விடுதிக்குப் பஞ்சுக் குடிலே போதும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஆட்டிடையர்களை எங்கள் வளவிலேயே, பழைய கிணற்றுப் பாதையில் நிறுத்தினேன். கிணற்றுக்கு இப்போது கொங்கிரீட் மூடி போட்டாயிற்று. தண்ணீர் குழாயில் வருகிறது. குடில் போட்டி நின்று எவ்வளவோ காலம். கிடுகு பின்ன ஆளில்லாமல் கூரைக்குத் தகரம் வைத்தேன். அப்பா வேலை செய்த உப்பளத்தில் பாதி இறால் குளமாகிவிட்டது. மழை பருவம் தப்பிப் பெய்த வருடத்தில் இந்த ஊர்க் கடைகளிலேயே கடல் கடந்து வந்த உப்பு விற்றது. பாக்கெட் உப்பு மாப்போல இருந்தது, மினுங்கவில்லை. இருந்தாலும் வீட்டில் இருந்ததையெல்லாம் வெட்டித் தரையில் கொட்டி, மூலையில் ஒரு கமுகம் மடலையும் வெறுமையாக விரித்து வைத்தேன்.

நத்தாருக்கு முதல் நாள் பொழுதுபட்டு நான் விளக்கு வைத்த பிறகு ராத்தா வந்தா. கையில் சிரட்டை. கருவாட்டுக்கென்று அவ வைத்திருக்கும் கல்லுப்பு அதில் நிறைய இருந்தது. வாசலுக்கு வரவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நேரே குடிலுக்குப் போய்க் குனிந்து, மூலையில் விரித்திருந்த மடலில் அதைக் குவித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, வேலி ஓரம் நடந்து தன் வீட்டுக்குப் போய்விட்டா.

விடியப் பூசைக்குப் போய் வந்து, பல வருடங்களுக்குப் பிறகு நத்தார்ப் பாற்சோற்றுக்கு அரிசி போட்டேன். முதல் துண்டு பின்வீட்டு ராத்தாவுக்கு என்று நினைத்துக்கொண்டேன். தேங்காய்ப் பாலும் விடுகிற நேரத்தில்தான் உப்பு டின் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். இறங்கிப் போய்க் குன்றில் ஒரு கை அள்ளினேன், தேவைக்கு அதிகமாகவே. முதலில் குளிர்ந்தது, பிறகு நகக்கண்ணில் எரிந்தது. அள்ளிய இடத்தில் குழி விழுந்திருந்தது. அதை நிரவாமல் விட்டுவிட்டு உள்ளே போனேன்.